அரைச் சுற்று

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் மருந்துக் கம்பெனியின் பின்வாசலில் வண்டியை நிறுத்தியதும், நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த காவலாளி எழுந்து நின்றான். பதினோரு வருடமாக உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை ஆட்டி அவரை உள்ளே விட்டவன். இப்போதெல்லாம் அவர் எங்கே போனாலும் ஆட்கள் எழுந்துவிடுகிறார்கள். அவன் ஏதோ விசாரிக்க வாயெடுத்தான். பிறகு கருவிப்பையைத் திறந்து காட்டச் சொன்னான். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எல்லாருக்கும் சோதனை, மேனேஜர் உத்தரவு, தப்பாக நினைக்கக் கூடாது என்றான். ஸ்பானர்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணி ஒரு தாளில் எழுதினான். எழுதி முடிக்கும்வரை அவர் நின்றார். நிற்பது அவருக்கு இப்போது சுலபமாக இருந்தது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் ஒரே இடத்தில் நிற்க முடிந்தது. அடுத்தது என்ன என்று உள்ளே யாரும் அவசரப்படுத்துவதில்லை.

சோதனைக்குக் காரணம் அவருக்குத் தெரியும். கம்பெனி முழுவதற்கும் குளிர்ந்த தண்ணீர் தயாரித்து அனுப்பும் பெரிய எந்திரம், எல்லாரும் சில்லர் என்று சொல்வது, நான்கு மாதத்தில் மூன்று முறை குளிரூட்டும் கேஸ் குடித்திருந்தது. ஒரு முறை நிரப்பினால் வருடக்கணக்கில் கிடக்க வேண்டிய கேஸ். மூன்று முறையும் அவருடைய சர்வீஸ் கம்பெனியிலிருந்து வேறொரு ஆள் வந்து, ஸ்டோரில் இருந்த சிலிண்டர்களைக் காலி செய்துவிட்டு, ஏன் எதற்கு என்று தோண்டித் துருவாமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு போயிருந்தான். எந்த எந்திரமும் இவ்வளவு குடிக்காது, பாதி சிலிண்டர் வெளியே விற்பனைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று மேனேஜர் முடிவு கட்டிவிட்டார். ஸ்டோர் சாவி சில்லரை ஓட்டும் ஆபரேட்டரிடம் இருந்தது. அதனால் திருடன் யார் என்று யாரும் தேட வேண்டியிருக்கவில்லை.

ஆபரேட்டரை எல்லாரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பதிவேட்டோடு சரி. வாயைத் திறந்தால் மூடமாட்டான். எந்திர அறை இரைச்சலில் பேசிப் பேசி, வீட்டிலும் கத்தித்தான் பேசுவான். எங்கள் வீட்டு விஷயம் தெருவில் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, நேரடி ஒலிபரப்பு என்று அவனே சொல்லிச் சிரிப்பான். நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகள். பத்து நாளைக்கு முன் அவனை வேலையிலிருந்து நிறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணையில் அவன் வாயே திறக்கவில்லையாம். அவனைத் தெரிந்தவர்களுக்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவைப்படவில்லை. ரேடியோவே பேசவில்லை என்றால் கட்டாயம் எடுத்திருப்பான் என்றார்கள்.

மேனேஜர் புதியவர், வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வெள்ளிக்கிழமை மெக்கானிக்கைப் போனில் பிடித்து மரியாதையாகத்தான் பேசினார். ஞாயிறு உற்பத்தி கிடையாது, எந்திரத்தை நிறுத்தி முழுசாகச் சோதித்து, லீக் இல்லை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் போதும், திங்கள்கிழமை போலீசுக்குப் போய்விடலாம் என்றார். தான் கண்டுபிடித்ததையும் சொன்னார். பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தால் கேஸ் குறையத் தொடங்கிய தேதி தெளிவாகத் தெரிகிறது. அன்றைக்குப் பதினொன்றரை மணியிலிருந்து நான்கு மணிவரை ரேடியோ எந்த அளவும் எழுதவில்லை. ஆளே இல்லை. எங்கே போனாய் என்று கேட்டால் தரையைப் பார்க்கிறான். மேனேஜர் தேதியைச் சொன்னார். மெக்கானிக் "ம்" என்றார். போனை வைத்துப் பத்து நிமிடம் கழித்துத்தான், யாரோ மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்ட செய்திபோல, அது தன் மனைவி செத்துப்போன தேதி என்று அவருக்கு உறைத்தது. அந்த நான்கரை மணி நேரமும் ரேடியோ எங்கே இருந்தான் என்று அவருக்குத் தெரியும். அவரை வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட்டிக்கொண்டு போனவனே அவன்தான். உடனே திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அப்படித்தான் ஆகிவிட்டார். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டு வந்து அவரோடு தங்கியிருந்தாள். முன்னால் வைத்ததைச் சாப்பிட்டார், நீட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டார். வந்திருந்தவர்கள் எல்லாம் கிளம்பின அன்று மைத்துனி அவர் காலடியில் உட்கார்ந்து, அழுதுடுங்க அத்தான், உள்ளேயே வைத்துக்கொண்டால் உடம்புக்கு ஆகாது என்று அவருக்கும் சேர்த்து அழுதாள். உள்ளே என்ன இருக்கிறது என்று அவரும் தேடித்தான் பார்த்தார். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்று காலை கிளம்பும்போதுகூட மகள், அம்மாவுடைய போன் நம்பரை ரத்து செய்துவிடலாமா அப்பா என்று கேட்டாள். அதற்கும் "ம்" என்றார். படியிறங்கின பிறகு திரும்பிப் போய், இப்போது வேண்டாம், இருக்கட்டும் என்றார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல அவரிடமும் காரணம் இல்லை. மனைவி வேலை நேரத்தில் அவரைக் கூப்பிட மாட்டாள். அப்படியே கூப்பிட்டாலும் ஒரே தடவை, எடுக்காவிட்டால் பார்த்துவிட்டுக் கூப்பிடுவார் என்று விட்டுவிடுவாள். அன்று மூன்று தடவை கூப்பிட்டிருந்தாள். நான்காவது அழைப்பு எதிர்வீட்டுத் தையல்காரர். அந்த மூன்று அழைப்புகளைப் பற்றி அவர் மகளிடம்கூடச் சொன்னதில்லை.

எந்திர அறையில் ஷிப்ட் எலக்ட்ரீஷியன் மட்டும் இருந்தான். சில்லரை நிறுத்தச் சொன்னார். இரண்டு லாரி நீளத்துக்குப் படுத்திருக்கும் அந்த இரும்பு உருளை முனகி அடங்கியது. அந்த அமைதிக்குக் காது பழகக் கொஞ்ச நேரம் பிடித்தது. இந்த வகை எந்திரத்தில் ஒரு விசித்திரம் உண்டு. ஓடும்போது அதன் உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் எங்காவது ஓட்டை விழுந்தால் உள்ளே இருக்கும் கேஸ் வெளியே வராது, வெளியே இருக்கும் காற்றுதான் உள்ளே போகும். போன காற்றைப் பிரித்து வெளியே தள்ளுவதற்காக எந்திரத்தின் முதுகில் பர்ஜ் என்று ஒரு சின்ன யூனிட்டை ஏற்றி வைத்திருப்பார்கள். அதன் டிரம்முக்குள் குளிர்ந்த சுருள் ஒன்று இருக்கும். காற்றும் கேஸும் கலந்து அங்கே வந்தால் கேஸ் குளிர்ந்து திரவமாகி, ஒரு மெல்லிய குழாய் வழியாக எந்திரத்துக்கே திரும்பிவிடும். மிச்சம் நிற்கிற காற்றைச் சின்ன பம்பு ஒன்று மொட்டை மாடிக் குழாய் வழியாக வெளியே தள்ளும். இட்லிப் பானையைவிடக் கொஞ்சம் பெரிய டிரம், அவ்வளவுதான். இருபத்தெட்டு வருடத்தில் இந்த மாதிரி டிரம்களை எத்தனை கழற்றிப் பூட்டியிருப்பார் என்று அவருக்கே கணக்கில்லை.

பம்பு எத்தனை நிமிடம் ஓடியிருக்கிறது என்று காட்டும் எண்ணைப் பார்த்தார். ஒரு நாளைக்கு நாலைந்து நிமிடம் ஓட வேண்டியது, ஒரு மணி நேரத்துக்குமேல் ஓடியிருந்தது. பம்பு இப்படி ஓடுகிறது என்றால் எங்கோ ஓட்டை விழுந்து காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கிறது என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றுவது. அவருக்கும் அதுதான் தோன்றியது. எந்திரத்துக்குள் வெந்நீரைச் சுற்றவிட்டு, உள்ளே அழுத்தம் வெளியைவிட லேசாக ஏறும்வரை காத்திருந்தார். ஏறிவிட்டால், ஓட்டை இருக்கும் இடத்தில் கேஸ் வெளியே எட்டிப் பார்க்கும். இரண்டு மணி நேரம் ஆகும். எலக்ட்ரீஷியன் டீ வாங்கிவந்து கொடுத்தான். எப்போது குடித்தார் என்று தெரியாது, குடித்து முடித்த கோப்பை கையில் இருந்தது.

பிறகு லீக் டிடெக்டரை எடுத்துக்கொண்டு ஒரு முனையிலிருந்து தொடங்கினார். அதன் மூக்கு நுனியை ஒவ்வொரு மூட்டிலும், போல்ட்டிலும், கண்ணாடி ஜன்னலின் விளிம்பிலும், மோட்டாருக்குள் கம்பி நுழையும் இடத்திலும் ஊர வைத்தார். வாசனை பிடித்தால் அது கத்தும். கத்தவில்லை. சந்தேகமான இடங்களில் சோப்பு நுரையைப் பிரஷ்ஷால் பூசி, முட்டை விடுகிறதா என்று குனிந்து பார்த்தார். விடவில்லை. கை தன் வேலையைத் தானாகச் செய்தது. இந்த நான்கு மாதத்தில் அவருக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான், அவர் இல்லாவிட்டாலும் கை வேலை பார்த்தது. ஒரு போல்ட்டின் விளிம்பு கீறி விரலில் ரத்தம் வந்ததை எலக்ட்ரீஷியன் சொல்லித்தான் பார்த்தார்.

ஒரு மணிக்கு எந்திரத்தில் ஓட்டை ஒன்றுமில்லை என்று முடிவாகிவிட்டது. மேனேஜர் கேட்ட தாளை அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். எழுதியிருந்தால் அதில் பொய் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் காற்றே உள்ளே போகாதபோது பம்பு எதை ஒரு மணி நேரம் வெளியே தள்ளியது? சில்லரை மறுபடி ஓடவிடச் சொல்லிவிட்டு, இரும்பு ஏணி வழியாக மொட்டை மாடிக்கு ஏறினார். வெயில் சுள்ளென்று அடித்தது. பர்ஜ் குழாயின் வாய் வளைந்து தரையைப் பார்த்தபடி இருந்தது. சுற்றிலும் எல்லாம் காய்ந்து கிடக்க, அந்த வாய் மட்டும் வியர்த்துச் சொட்டிக்கொண்டிருந்தது. கீழே பம்பு ஓடும் சத்தம் லேசாகக் கேட்டதும் டிடெக்டரைக் கிட்டே கொண்டுபோனார். வீல் என்று கத்தியது. காற்றோடு கொஞ்சம் கேஸ் போவது வழக்கம்தான், இது அந்தக் கணக்கு இல்லை. கேஸ் முழுக்க இந்த வழியாகத்தான் போயிருக்கிறது. நான்கு மாதமாக, பகலும் இரவும், யாரும் ஏறிப் பார்க்காத மொட்டை மாடியில். யாரும் எதையும் விற்கவில்லை.

இறங்கிவந்து பர்ஜ் யூனிட் முன்னால் நின்றார். டிரம்மின் சின்னக் கண்ணாடியில் விளக்கடித்துப் பார்த்தால் திரவம் கழுத்துவரை நின்றது. கால்வாசிதான் இருக்க வேண்டும். குளிர்ந்த சுருள் திரவத்தில் மூழ்கிக் கிடந்தது. அது மூழ்கிவிட்டால், சுற்றிலும் காற்று அடைத்துக்கொண்டது என்று யூனிட் தப்பாக நினைத்து பம்பை ஓட்டும். பம்பு போய் கேஸைத் தூக்கி வெளியே கொட்டும். திரவம் எந்திரத்துக்குத் திரும்பிப் போகும் மெல்லிய குழாயை விரலால் தடவிக்கொண்டே போனார். வழியில் ஒரு வடிகட்டி. மனைவி போன அன்று அவர் மாற்றிப் பூட்டியதுதான், அதன்மேல் அவர் கையெழுத்தில் தேதி இருந்தது. அதைத் தாண்டினால் வால்வு. வால்வின் தலையில் பித்தளை மூடி இல்லை. மெக்கானிக் நிமிர்ந்து, யூனிட்டின் கட்டுப்பாட்டுப் பெட்டி மேல் கையை வைத்துத் துழாவினார். வேஸ்ட் துணிச் சுருள் ஒன்று அகப்பட்டது. பிரித்தார். மூடி உள்ளே இருந்தது. கழற்றிய மூடியைத் துணியில் சுற்றி அந்த இடத்தில் வைப்பது அவர் ஒருவர் பழக்கம்.

வால்வு முழுதாகத் திறக்க ஆறு சுற்று. வால்வுச் சாவியைப் போட்டு, எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ள மூடும் பக்கமாகத் திருப்பினார். அரைச் சுற்றில் முட்டி நின்றது. அப்படியானால் அன்றைக்கு வடிகட்டியை மாற்றிவிட்டு, வால்வைத் திறக்கத் தொடங்கி, அரைச் சுற்று சுற்றியிருக்கிறார். அப்போது ரேடியோ ஓடிவந்து தோளைத் தொட்டிருக்கிறான். அந்த முகம் நினைவிருக்கிறது. தன் போன் அவன் கையில் இருந்தது நினைவிருக்கிறது. சாவியைப் பையில் போட்டதோ, இறங்கியதோ நினைவில்லை. அந்த அரைச் சுற்றின் இடுக்கில் கொஞ்சம்போலத் திரவம் கசிந்து திரும்பிக்கொண்டிருக்க, மிச்சமெல்லாம் மாடி வழியாகப் போயிருக்கிறது.

ஏதாவது தோன்றும் என்று காத்திருந்தார். உடம்பு பதறும், தலை சுற்றும், சீ என்றாவது வரும். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. சாவியை எதிர்ப்பக்கம் திருப்பி ஆறு சுற்றையும் எண்ணித் திறந்தார். டிரம்மிலிருந்த திரவம் சளசளவென்று இறங்கும் சத்தம் குழாயில் கேட்டது. கண்ணாடியில் மட்டம் தணிந்துகொண்டே வந்தது. மூடியைப் பூட்டினார். கொஞ்ச நேரத்தில் பம்பு தானாக நின்றது, பிறகு ஓடவில்லை.

சர்வீஸ் கம்பெனியின் சூப்பர்வைசரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னார். சூப்பர்வைசர் குரலைத் தணித்துக்கொண்டார்.

"யாருகிட்டயாவது சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப நல்லதாப் போச்சு. ஃபில்டர் அடைச்சுக்கிச்சுன்னு எழுதுங்க. ஃபில்டர் அடைக்கறது சகஜம். அந்த ஆபரேட்டரும் தப்பிச்சுக்குவான், நாமளும் தப்பிச்சுக்குவோம். வீட்ல அவ்ளோ பெரிய விஷயம் நடந்திருக்கு. இதையும் ஏன் நீங்க தலைல போட்டுக்கறீங்க?"

கெட்ட மனிதர் இல்லை. மனைவி போன அன்று ஆஸ்பத்திரியில் எல்லாக் காகிதத்தையும் அவர்தான் அலைந்து திரிந்து வாங்கினார். சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. மெக்கானிக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். ஆபரேட்டர் அறையில் போய் உட்கார்ந்து சர்வீஸ் ரிப்போர்ட்டை எடுத்தார். கோளாறுக்கான காரணம் என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ஃபில்டர் அடைப்பு என்று எழுதத்தான் பேனாவை வைத்தார். அடைப்பு என்றால் எப்படி அடைத்தது, எந்த அழுக்கு, பழைய ஃபில்டர் எங்கே என்று கேட்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று சொல்ல வேண்டும், சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பொய் சொல்லவும் உள்ளே கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. நடந்ததை எழுதுவதற்கு அது தேவைப்படவில்லை. தேதியை எழுதினார். ஃபில்டர் மாற்றிய பிறகு ரிட்டர்ன் வால்வை நான் அரைச் சுற்று மட்டும் திறந்தேன் என்று எழுதினார். பதினொன்று இருபதுக்கு என் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்று தகவல் வந்தது, மீதியைத் திறக்காமல் போய்விட்டேன், ஆபரேட்டர் என்னைத் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் மாலை நான்கு மணிவரை என்னோடு இருந்தார் என்று எழுதினார். கட்டம் நிறைந்துவிட்டது. விளிம்பில் பொடி எழுத்தில், மனைவி அன்றே இறந்துவிட்டார் என்று முடித்தார். அந்த வார்த்தையை அவர் எழுதியது அதுதான் முதல் தடவை. நான்கு மாதமாக வாயாலும் சொன்னதில்லை. ஊரார்தான் சொன்னார்கள். எழுதினதைப் படித்துப் பார்த்தார். எழுத்து எப்போதும்போல நேராக இருந்தது.

தாளைப் படம் எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிட்டுக் கூப்பிட்டார். மேனேஜர் லைனில் இருந்தபடியே படித்து முடித்தார். இதில் கையெழுத்துப் போடுகிறீர்களா என்று கேட்டார். போட்டாச்சு என்றார் மெக்கானிக். இதை இவன் ஏன் சொல்லவில்லை, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமே என்று மேனேஜர் தனக்குத்தானே கேட்டுக்கொள்கிறவர்போலக் கேட்டார். பிறகு, நாளைக்குக் காலையில் பேசலாம், உங்கள் கம்பெனியோடும் பேச வேண்டியிருக்கும் என்று வைத்துவிட்டார்.

வாசலில் காவலாளி மறுபடி ஸ்பானர்களை எண்ணினான். எண்ணிக்கொண்டே தலை நிமிராமல் சொன்னான்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரே வண்டில போனத நான் பாத்தேன் சார். என்னை யாரும் கேக்கல."

ரேடியோவின் வீடு ஒரு வரிசை வீடுகளின் கடைசியில் இருந்தது. முன்னால் சின்ன முற்றம், குறுக்கே கட்டின கொடி நிறையத் துணி. பதினோரு வருடப் பழக்கத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. ரேடியோ தரையில் உட்கார்ந்து ஒரு மேசை மின்விசிறியைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவரைப் பார்த்ததும் எழுந்து, கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு, வாங்கண்ணே என்றான். உள்ளே இருந்து வந்த அவன் மனைவி வாங்க என்று சொல்லவில்லை. ஒரு தம்ளர் தண்ணீரை நங்கென்று பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தைகளை அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டாள்.

மெக்கானிக் சுற்றி வளைக்காமல் சொன்னார். வால்வு, மூடி, அரைச் சுற்று, எழுதிக் கொடுத்த தாள். ரேடியோ குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டான். முடிந்ததும், கையில் இருந்த திருகாணியை உருட்டிக்கொண்டே, "எனக்குத் தெரியும்ணே" என்றான்.

கதவோரத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அது தெரியாது என்று தெரிந்தது.

"மொத தடவ கேஸ் கொறஞ்சப்பவே சில்லர் மேல ஏறிப் பாத்தேன். துணிக்குள்ள மூடி இருந்துச்சு. உங்க கைன்னு தெரிஞ்சுபோச்சு. நானே தொறந்திருக்கலாம். பர்ஜை ஆபரேட்டர் தொடக்கூடாதுன்னு எழுதி ஒட்டியிருக்காங்கல்ல, அதை ஒரு சாக்கா வச்சுக்கிட்டேன். நீங்க லீவு முடிஞ்சு வருவீங்க, நீங்களே பாப்பீங்க, யாருக்கும் தெரியாம சரி பண்ணிடுவீங்கன்னு நெனச்சேன். உங்க கம்பெனில உங்கள வேற எடத்துக்கு அனுப்பிட்டாங்க."

"பத்து நாளு," என்றாள் அவன் மனைவி. "பத்து நாளா திருடன் பொண்டாட்டின்னு கேட்டுக்கிட்டு இருக்கேன். பெரியவ ஸ்கூலுக்குப் போக மாட்டேங்கறா. அவர் பேர ஏன் சொல்லல நீ?"

ரேடியோ இரண்டு பேரையும் பார்க்கவில்லை. தரையில் பரப்பி வைத்திருந்த சாமான்களைப் பார்த்தபடியே பேசினான், அவன் குரல் இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.

"அன்னிக்கு உங்க போன் என் ரூம்லதானே சார்ஜ்ல கெடந்துச்சு. அடிச்சுது. ரீடிங் எழுதிக்கிட்டிருந்தேன். வீடுன்னு பேரு வந்துச்சு. அடுத்தவங்க போனை எடுக்கறது நல்லால்லன்னு விட்டுட்டேன். மறுபடி அடிச்சுது. மூணாவது தடவயும் அடிச்சுது. முடிச்சுட்டுப் போய்ச் சொல்லுவோம்னு நாலு வரிய எழுதிட்டு இருந்தேன்ணே. தையல்காரர் கூப்பிட்டப்பதான் எடுத்தேன். அதை வச்சுக்கிட்டு, நீங்க வால்வை மறந்துட்டீங்கன்னு எந்த வாயால போய்ச் சொல்றது?"

கொடியில் துணிகள் காற்றில் அடித்துக்கொண்டன. வானம் இருட்டிக்கொண்டு வந்திருந்தது. மெக்கானிக் தம்ளரை எடுத்தார், குடிக்காமல் திரும்ப வைத்தார். ரேடியோ அவர் முகத்தைப் பார்த்தான். திட்டுவார் என்றோ, போனால் போகட்டும் என்பார் என்றோ எதிர்பார்த்திருப்பான். அவருக்கு இரண்டும் வரவில்லை. அந்த அறையில் போன் ஒலித்ததை ஒரு மனிதன் கேட்டிருக்கிறான் என்பதே அவருக்கு இத்தனை நாள் தோன்றவில்லை. அது யாரும் இல்லாத இடத்தில் மேசைமேல் தனியாக அடித்து ஓய்ந்தது என்றுதான் நினைத்திருந்தார்.

"மூணு தடவையும் முழுசா அடிச்சுதா?" என்று கேட்டார்.

ரேடியோவுக்குப் புரியவில்லை.

"அடிச்சு முடியற வரைக்கும் அடிச்சுதா, இல்ல நடுவுல அவளே நிறுத்தினாளா?"

ரேடியோ நெடுநேரம் யோசித்தான். இல்லாததைச் சொல்லக்கூடாது என்று யோசிக்கிறான் என்பது தெரிந்தது.

"மொத ரெண்டும் முழுசா அடிச்சுது. மூணாவது ரெண்டு ரிங் அடிச்சுட்டு நின்னுபோச்சு."

மெக்கானிக் தலையை ஆட்டினார். ஒரு அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறவர் ஆட்டுவதுபோலத்தான் ஆட்டினார். கிளம்புகிறேன் என்று எழுந்தார். ரேடியோ எழ முயன்று, கால் மரத்துப்போய், சுவரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றான். முற்றத்தில் இறங்கினபோது முதல் தூறல் விழுந்தது. ரேடியோவின் மனைவி அவரைத் தாண்டி ஓடி, கொடியில் கிடந்த துணிகளை உருவி உருவித் தோளில் போட்டுக்கொண்டாள். கடைசியில் ஒரு பெரிய படுக்கை விரிப்பு. அது கை கொள்ளாமல் தரையில் புரளப் பார்த்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல், இரண்டு முனைகளை அவர் கையில் திணித்தாள்.

"பிடிங்க."

அவர் பிடித்தார். அவள் மற்ற இரண்டு முனைகளோடு பின்னால் நகர்ந்து உதறினாள். துணி இருவருக்கும் நடுவில் விறைத்து நின்றது. முனையோடு முனை சேர்த்து மடித்தாள், அவரும் மடித்தார், எந்தப் பக்கம் மடிக்க வேண்டும் என்று வீட்டில் மடித்துப் பழகிய கைக்குத் தெரிந்திருந்தது. அவள் அவரை நோக்கி நடந்து வந்தாள். எதிரில் வந்து நின்று, தன் முனைகளோடு சேர்த்து அவருடையதையும் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள். துணியில் பகலின் சூடு இன்னும் இருந்தது. தூறல் வலுத்து அவர் தோளிலும் அவள் தலையிலும் விழுந்தது. அவர் விரல்கள் முனையைப் பிடித்தபடியே இருந்தன.

"விடுங்க," என்றாள் அவள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவையும் சொன்னாள், மெதுவாக.